டெக்சஸ்: ஃபெலனி (கடுங்குற்றம்) வழக்கில் தண்டனை பெற்ற மைத்துனர் எங்களோடு தங்க வருகிறார். என் கைத்துப்பாக்கியை என்ன செய்வது?

கேட்டி_குமரன்:

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே உள்ள கேட்டியில் பதினான்கு ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வசிக்கிறேன். இப்போது அமெரிக்கக் குடிமகன். எங்களுக்கு ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதையொட்டி ஒரு சிறு கடையும் உண்டு. இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டி, அன்றைய வசூலோடு தனியாக வீடு திரும்ப வேண்டியிருப்பதால், ஒரு 9 எம்எம் கைத்துப்பாக்கியை முறைப்படி படிவம் நிரப்பி வாங்கி வைத்திருக்கிறேன். பகலில் அது கடையில் கல்லாவுக்குக் கீழே இருக்கும். இரவில் என் படுக்கையருகே உள்ள மேசையின் இழுப்பறையில் இருக்கும். அந்த இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது.

என் மனைவியின் தம்பி அடுத்த மாதம் எங்களோடு தங்க வருகிறார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். 2013இல், டாலஸில் கல்லூரி மாணவராக இருந்தபோது, அறையில் உடன் தங்கியிருந்தவரின் கடன் அட்டையைப் பயன்படுத்திப் பொருள்கள் வாங்கிய வழக்கில் சிக்கினார். அது ‘ஸ்டேட் ஜெயில் ஃபெலனி’ என்று பதிவானது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சிறைக்குப் பதிலாக விதித்த மூன்றாண்டு ப்ரொபேஷனை, அதாவது நன்னடத்தைக் கண்காணிப்பை, ஒழுங்காக முடித்தார். ஒரு நாள்கூடச் சிறையில் இருந்ததில்லை. இப்போது வேலை போய்விட்டது. கொஞ்ச காலம் கடையில் எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று நாங்கள்தான் அழைத்தோம்.

நான் வாரம் ஒருமுறை போகும் துப்பாக்கி சுடும் பயிற்சி நிலையத்தில் இதைச் சொன்னேன். ஒருவர், ‘தண்டனை முடிந்து ஐந்தாண்டு ஆகிவிட்டால் டெக்சஸில் அவரவர் வீட்டில் துப்பாக்கி இருக்கலாம், கவலை வேண்டாம்’ என்றார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், ‘ஃபெடரல் (நாடு முழுமைக்குமான) சட்டப்படி உங்கள் மைத்துனருக்குப் பதினைந்தாண்டு கிடைக்கும், உங்களையும் விடமாட்டார்கள்’ என்றார். வீட்டிலோ, ‘என் தம்பியைக் கொலைகாரனைப் போல நடத்தப் போகிறீர்களா’ என்று மனைவி கேட்கிறார். இந்த இருவரில் யார் சொன்னது சரி? சிறைக்கே போகாதவருக்கும் இந்தத் தடை பொருந்துமா? துப்பாக்கி என்னுடையது என்பதற்கு ரசீது இருக்கும்போது அது அவர் வசம் இருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்?

கோப்பு_எழுத்தர்:

ஐயா, நான் வழக்கறிஞன் அல்லன். குற்றவியல் வழக்குகள் நடத்தும் ஓர் அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கோப்பு தயாரிப்பவன். எனவே இதைப் படித்துவிட்டு ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்களிடம் பேசிய இருவருமே ஓரளவு சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு சட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 46.04ஆம் பிரிவின்படி, ஃபெலனி தண்டனை பெற்றவர் சிறையிலிருந்தோ கண்காணிப்பிலிருந்தோ விடுபட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுகள் முடியும் வரை எங்குமே துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது; அதன்பின், தாம் வசிக்கும் இடத்தில் மட்டும் வைத்திருக்கலாம். மீறினால் மூன்றாம் நிலை ஃபெலனி, அதாவது இரண்டு முதல் பத்தாண்டு சிறை. ஆனால் ஃபெடரல் சட்டத்தின் 922(ஜி)(1) பிரிவில் ஐந்தாண்டுக் கணக்கும் இல்லை, வீடு என்ற விலக்கும் இல்லை. ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே கூடாது, அதுவும் ஆயுள் முழுக்க. டெக்சஸ் கண்டுகொள்ளாமல் விடுவதைக் காட்டி ஃபெடரல் நீதிமன்றத்தில் தப்ப முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் கல்லா மேசை வீடு அல்ல. மைத்துனர் கல்லாவில் நிற்கும்போது அதற்குக் கீழே துப்பாக்கி இருந்தால், அந்த முதல் நண்பர் சொன்ன டெக்சஸ் சட்டமே அவரைக் காப்பாற்றாது.

சிறைக்குப் போகவில்லையே என்ற உங்கள் கேள்விதான் எங்கள் அலுவலகத்திற்கு வருபவர்களில் பாதிப் பேர் கேட்பது. சட்டம் பார்ப்பது விதிக்கப்பட்ட தண்டனையை அல்ல, விதித்திருக்கக்கூடிய உச்சத் தண்டனையை. நீங்கள் துப்பாக்கி வாங்கியபோது நிரப்பிய 4473 எண் படிவத்தை நினைத்துப் பாருங்கள். ப்ரொபேஷனோடு முடிந்திருந்தாலும், நீதிபதி உங்களை ஓராண்டுக்கு மேல் சிறையில் அடைத்திருக்கக்கூடிய குற்றமா என்றுதான் அதில் கேட்டிருப்பார்கள். ஸ்டேட் ஜெயில் ஃபெலனிக்கு 180 நாள் முதல் இரண்டாண்டு வரை சிறை விதிக்கலாம். எனவே அது ஓராண்டுக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. ‘உச்சம் இரண்டாண்டுதானே, அதற்கு விலக்கு உண்டு’ என்று இணையத்தில் யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அந்த விலக்கு, மாநிலச் சட்டமே ‘மிஸ்டிமீனர்’ என்று பெயரிட்ட சிறு குற்றங்களுக்கு மட்டும் உரியது.

தண்டனையைப் பொறுத்தவரை, 2022 ஜூனில் நிறைவேறிய சட்டத்திற்கு முன் உச்சம் பத்தாண்டாக இருந்தது, இப்போது பதினைந்தாண்டு. அபராதம் இரண்டரை லட்சம் டாலர் வரை போகலாம். எல்லாருக்கும் பதினைந்தாண்டு என்று பொருளில்லை. ஃபெடரல் நீதிமன்றங்களில் இந்தப் பிரிவில் தண்டிக்கப்படுவோர் அண்மை ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கு மேல், சராசரித் தண்டனை ஐந்து, ஆறு ஆண்டையொட்டி அமைகிறது. ஆனால் ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. நன்னடத்தைக்காக ஆண்டுக்கு 54 நாள் வரை குறையும். வன்முறைக் குற்றத்திலோ கடுமையான போதைப்பொருள் குற்றத்திலோ வெவ்வேறு சந்தர்ப்பங்களில் மூன்று முறை தண்டிக்கப்பட்டவராக இருந்தால், 1984இல் வந்த ஒரு சட்டத்தின்படி குறைந்தபட்சமே பதினைந்தாண்டு, உச்சம் ஆயுள். கடன் அட்டை வழக்கு அந்தக் கணக்கில் வராது.

உங்களுக்கான ஆபத்து வேறு பிரிவில் இருக்கிறது. தடைக்கு உட்பட்டவர் என்று தெரிந்தே ஒருவருக்குத் துப்பாக்கியை விற்பதும் வேறு விதத்தில் அவர் கையில் சேர்ப்பதும் 922(டி) பிரிவின்படி அதே பதினைந்தாண்டுக் குற்றம். ‘கொஞ்ச நேரம் கல்லாவைப் பார்த்துக்கொள், கீழே அது இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நீங்கள் வங்கிக்குப் போகும் அந்த அரை மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. டாலஸ் கவுன்ட்டி நீதிமன்ற எழுத்தரிடம் அவருடைய வழக்கின் சான்றிட்ட நகலை வாங்கிப் படியுங்கள். டெக்சஸில் ப்ரொபேஷன் இரு வகை. ஒன்றில் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, சிறையை மட்டும் நிறுத்தி வைப்பார்கள். ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’ என்ற மற்றொன்றில் தீர்ப்பையே ஒத்தி வைத்து, காலம் ஒழுங்காக முடிந்தால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். எது தண்டனைத் தீர்ப்பு என்பதை வழக்கு நடந்த மாநிலத்தின் சட்டப்படியே தீர்மானிக்க வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் சொல்வதால், இரண்டாம் வகையை முடித்தவருக்கு இந்தத் தடை பொருந்தாது. குடும்பங்களில் இரண்டையும் ‘ப்ரொபேஷன்’ என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறார்கள். அந்தத் தாளின் தலைப்பில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

ஸ்க்ரான்டன்_மாறன்:

மேலே எழுதியவர் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தச் சட்டம் நியாயமானதா என்பதையும் யாராவது பேச வேண்டும்.

நான் வசிக்கும் பென்சில்வேனியாவில் நடந்த, ரேஞ்ச் என்பவரின் வழக்கைப் பாருங்கள். 1995இல், புல்வெட்டும் கூலி வேலை செய்து மூன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த ஒருவர், உணவு உதவிக்கான விண்ணப்பத்தில் தம் வருமானத்தை முழுமையாகக் காட்டவில்லை. கூடுதலாக வாங்கிய தொகை 2,458 டாலர். அதைத் திருப்பிக் கட்டினார், ப்ரொபேஷன் மூன்றாண்டு. ஆனால் அந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை ஐந்தாண்டு என்பதால் அவர் துப்பாக்கித் தடைக்குள் வந்துவிட்டார். மாநிலச் சட்டம் அதை மிஸ்டிமீனர் என்றே அழைத்தும், இரண்டாண்டு வரம்பைத் தாண்டியதால் விலக்கு கிடைக்கவில்லை. அவர் மனைவி மான் வேட்டைக்கு வாங்கிக் கொடுத்த துப்பாக்கியை, தமக்குத் தடை இருப்பது தெரிந்ததும் அவரே கடையில் விற்றுவிட்டார். பிறகு வழக்குத் தொடுத்தார். 2023இலும், உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிய பிறகு 2024 டிசம்பரிலும், இப்பகுதிக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமான மூன்றாம் சர்க்யூட் அவருக்கே ஆதரவாகத் தீர்ப்பளித்தது. உணவு உதவியில் பொய் சொன்னவரை ஆயுள் முழுக்க நிராயுதபாணியாக்கும் மரபு இந்த நாட்டின் வரலாற்றில் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

இதைவிடக் கொடியது டென்னசியில் நடந்தது. பழைய திருட்டு வழக்குகளில் தண்டனை பெற்ற ஒருவர், கணவரை இழந்த அண்டை வீட்டுப் பெண்மணிக்கு உதவியாக அவர் வீட்டுப் பழம்பொருள்களை விற்றுக்கொடுக்க எடுத்து வந்தார். அவற்றுக்குள் ஏழு ஷாட்கன் தோட்டாக்கள் கிடந்தன. குழந்தைகள் கையில் படக்கூடாதென்று எடுத்து ஓர் இழுப்பறையில் போட்டு வைத்தார். வேறொரு விசாரணைக்காக வீட்டைச் சோதித்தபோது அவை அகப்பட்டன. துப்பாக்கியே இல்லை, தோட்டா மட்டும்தான். முன்பு பெற்ற தண்டனைகளின் எண்ணிக்கையால் பதினைந்தாண்டு. 2014இல் ஆறாம் சர்க்யூட், வேறு வழியில்லை என்று அதை உறுதி செய்தது. நம்மூரில் இதைக் கேட்டால் கட்டுக்கதை என்பார்கள்.

ஆகவே குமரன் அவர்களின் மனைவி கேட்டதில் தவறில்லை. அவருடைய தம்பியைச் சட்டம் அப்படித்தான் நடத்துகிறது.

கோப்பு_எழுத்தர்:

மாறன் சொன்ன வழக்கு உண்மை. ஆனால் அதைப் படித்துவிட்டுக் குமரன் தவறான நம்பிக்கை கொள்ளக் கூடாது. மூன்றாம் சர்க்யூட்டின் தீர்ப்பு பென்சில்வேனியா, நியூஜெர்சி, டெலவேர் பகுதியில்தான் செல்லும். அங்கும் அது அந்த ஒருவரின் நிலையை மட்டுமே பார்த்தது. மேற்குக் கடற்கரையின் ஒன்பதாம் சர்க்யூட், எந்த ஃபெலனியாக இருந்தாலும் தடை செல்லும் என்று 2025 மே மாதம் சொல்லிவிட்டது. டெக்சஸ் ஐந்தாம் சர்க்யூட்டில் இருக்கிறது. அங்கே 2024இல் வந்த டியாஸ் வழக்கில், ஃபெலனி என்ற பெயர் மட்டுமே போதாது, பழங்காலச் சட்டங்களில் அதற்கு ஓர் ஒப்புமை வேண்டும் என்றார்கள். பிறகு, கார் திருடியவருக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் குதிரைத் திருடனை ஒப்பிட்டார்கள். குதிரைத் திருட்டுக்கு அக்காலத்தில் மரண தண்டனை இருந்ததால் துப்பாக்கித் தடை அதைவிடச் சிறியதுதான் என்பது வாதம். கடன் அட்டைக்கு எந்தக் குதிரையைத் தேடுவார்கள் என்பதை உங்கள் மைத்துனரின் உடம்பில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

கேட்டி_குமரன்:

இருவருக்கும் நன்றி. நகலுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஒரு வேளை அது தண்டனைத் தீர்ப்பாகவே இருந்தால், துப்பாக்கியை வீட்டை விட்டே அகற்ற வேண்டுமா, பூட்டி வைத்தால் போதுமா? இரவில் பணத்தோடு வருகிறவன் என்பதால் முற்றிலும் கைவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவர் அதைத் தொடவே இல்லை என்றாலும் ‘வசம்’ என்று சொல்வார்களா?

லாரெடோ_அக்கா:

தம்பி, நான் ப்ரொபேஷன் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ‘வசம்’ என்ற சொல்லுக்கு அங்கே இரு பொருள் உண்டு. கையிலோ இடுப்பிலோ இருப்பது ஒன்று. கையில் இல்லாவிட்டாலும், அது அங்கே இருப்பது தெரிந்து, நினைத்தால் எடுத்து ஆளும் வல்லமையும் எண்ணமும் இருப்பது இரண்டாவது. ஒரே பொருள் ஒரே நேரத்தில் இருவர் வசம் இருக்கலாம் என்பதையும் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ரசீது யார் பெயரில் இருக்கிறது என்பது உடைமையாளர் யார் என்பதற்குச் சான்று. வசம் யாரிடம் என்பதற்கு அது விடையாகாது. கூட்டுக் குடித்தனத்தில் வெறுமனே ஒரே கூரையின்கீழ் இருப்பது மட்டும் போதாது, அவருக்கும் துப்பாக்கிக்கும் தொடர்பு காட்ட வேண்டும் என்பது உங்களுக்குச் சாதகமானது. பூட்டில்லாத இழுப்பறை உங்களுக்குப் பாதகமானது.

இந்த வழக்குகள் எப்படித் தொடங்குகின்றன என்பதற்கு வூடன் வழக்கைச் சொல்கிறேன். 2014 நவம்பரில் ஒரு குளிர்காலக் காலை. சாதாரண உடையில் வந்த காவலர் ஒருவர் கதவைத் தட்டி, வேறொருவரைப் பற்றி விசாரித்துவிட்டு, ‘வெளியே குளிராக இருக்கிறது, உள்ளே வந்து நிற்கலாமா’ என்று கேட்கிறார். வீட்டுக்காரர் வரச் சொல்கிறார். உள்ளே வந்தவர் கண்ணில் துப்பாக்கிகள் படுகின்றன. வீட்டுக்காரரான வூடன் 1997இல் ஜார்ஜியாவில் ஒரே இரவில் ஒரு சேமிப்புக் கிடங்கின் பத்து அறைகளை உடைத்துத் திருடியவர். அதைப் பத்துத் தனிச் சந்தர்ப்பங்களாக எண்ணி 188 மாதச் சிறை விதித்தார்கள். அப்படி எண்ணாமல் இருந்திருந்தால் இரண்டாண்டையொட்டி முடிந்திருக்கும். ஓர் இரவுத் திருட்டு ஒரே சந்தர்ப்பம்தான் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லி அதைத் திருத்தியது. அதற்குள் ஏழாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. எல்லாம் ஒருவரைக் குளிருக்கு உள்ளே அழைத்ததில் தொடங்கியது. அழைத்தது தவறென்று நான் சொல்லவில்லை.

உங்களுக்கு வழிகாட்டும் வழக்கு வேறு. 2015இல் வந்த ஹென்டர்சன் வழக்கில், ஃபெலனி தண்டனை பெற்ற ஒரு முன்னாள் எல்லைக் காவலர், ஃபெடரல் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயிடம் ஒப்படைத்திருந்த தம் துப்பாக்கிகளை நண்பருக்கு மாற்றிவிடச் சொன்னார். அவர் பெயரில் உடைமை இருப்பது குற்றமல்ல, அவற்றை ஆளும் அதிகாரம் அவரிடம் இருப்பதுதான் குற்றம். எனவே வாங்குபவர் இவருக்கு அவற்றைப் பயன்படுத்தக் கொடுக்கவோ இவர் சொற்படி கையாளவோ மாட்டார் என்று நீதிமன்றம் உறுதி கொண்டால் மாற்றிக் கொடுக்கலாம் என்றார்கள். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் கேள்வி அதுதான்: அந்தப் பெட்டியைத் திறக்கும் வழி அவரிடம் இருக்கிறதா?

ஆகவே, ஒன்று, மைத்துனர் தங்கும் காலம் வரை வேறு இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டியில் வைத்து, அதன் எண் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் மட்டும் தெரியட்டும். அவரிடம் ‘அவசரத்துக்குத் தெரிந்திருக்கட்டும்’ என்று எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். பாசத்தால் சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான் வசம். கடைக்குக் கொண்டுபோவதானால் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும், கல்லாவுக்குக் கீழே வைக்காதீர்கள். தோட்டாவுக்கும் இவையெல்லாம் பொருந்தும். மாறன் சொன்ன ஏழு தோட்டாக்களை நினைவில் வையுங்கள்.

எச்1பி_இளங்கோ:

இடையில் ஒரு கேள்வி. நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் பயிற்சி நிலையத்துக்கு அழைக்கிறார்கள். அங்கேயே வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும், வாங்க வேண்டியதில்லை என்கிறார்கள். எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் சொந்த ஊரில் கல்லூரிக் காலத்து மறியல் வழக்கு ஒன்றில் என் அண்ணனுக்குத் தண்டனை உண்டு. அவர் இங்கே கிரீன் கார்டில் இருக்கிறார். எங்கள் இருவரில் யாருக்குத் தடை?

கோப்பு_எழுத்தர்:

நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விடை. தடை உங்களுக்கு, அண்ணனுக்கு இல்லை.

அதே 922(ஜி) பட்டியலின் ஐந்தாம் உட்பிரிவு, எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்போரையும் சேர்க்கிறது. மாநில அரசின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவை இல்லாமல் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் அது வசம்தான். ரெஹைஃப் என்ற வழக்கே இப்படி வந்தது: ஃப்ளோரிடாவில் படிக்க வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, விசா நிலை இழந்த அமீரக மாணவர் ஒருவர் பயிற்சி நிலையத்தில் சுட்டுப் பார்த்தார், பதினெட்டு மாதச் சிறை. 2019இல் உச்ச நீதிமன்றம், தாம் தடைக்குரிய வகையைச் சேர்ந்தவர் என்பது அவருக்கே தெரிந்திருந்ததை அரசு மெய்ப்பிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் தெரியாது என்பது இன்றும் தற்காப்பு ஆகாது. தம் நிலை தெரியாது என்பதே தற்காப்பு. உங்களுக்கு உங்கள் விசா தெரியும். மேலும், குடியுரிமை இல்லாதவருக்கு இந்தத் தண்டனை குடிவரவுச் சட்டத்தில் மிகக் கடுமையான வகைக் குற்றமாக எண்ணப்படும். சிறை முடிந்ததும் நாடு கடத்தல்.

அண்ணனைப் பொறுத்தவரை, ‘எந்த நீதிமன்றத்திலும்’ என்று சட்டத்தில் இருக்கும் சொல், அமெரிக்க நீதிமன்றங்களை மட்டுமே குறிக்கும் என்று 2005இல் ஸ்மால் வழக்கில் முடிவாகிவிட்டது. அந்த ஸ்மால் ஜப்பானில், தண்ணீர் ஹீட்டருக்குள் துப்பாக்கிகளை ஒளித்து அனுப்பியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்! அவருக்கே அந்தத் தண்டனை கணக்கில் வரவில்லை என்றால் மறியல் வழக்கு எம்மாத்திரம். குடிவரவுப் படிவங்களில் அதைச் சொல்ல வேண்டியது தனி விஷயம்.

ரிச்மண்ட்_வாசகன்:

மாறன் அவர்களுக்கு ஒரு மறுமொழி. இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? கென்னடியைச் சுட்ட துப்பாக்கி தபாலில் வரவழைக்கப்பட்டது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டார்கள். கிங்கைச் சுட்டவன் மிசௌரி சிறையிலிருந்து தப்பியவன். அவ்வாண்டு அக்டோபரில் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் இன்றைய தடையின் உடல்.

1990களின் நடுவில் நான் இந்த நகருக்கு வந்தபோது, கொலை விகிதத்தில் நாட்டின் முன்வரிசையில் இருந்தது ரிச்மண்ட். 1997இல், துப்பாக்கியோடு அகப்படும் முன்னாள் குற்றவாளிகளை மாநில நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஃபெடரல் நீதிமன்றத்தில் நிறுத்தும் ‘ப்ராஜெக்ட் எக்ஸைல்’ தொடங்கியது. சட்டவிரோதத் துப்பாக்கிக்கு ஐந்தாண்டு ஃபெடரல் சிறை என்று பேருந்துகளின் மேல் எழுதிக்கொண்டு சுற்றினார்கள். கொலைகள் குறைந்ததில் அதன் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். அதே ஆண்டுகளில் வேறு நகரங்களிலும் குறைந்தது உண்மைதான். ஆனால் எங்கள் தெருமுனையில் நின்றுகொண்டிருந்த பையன்கள் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வரத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். உணவு உதவிக்காரரைச் சொல்லி, தெருமுனைக்காரரையும் சேர்த்து விடுவிக்க வேண்டாம்.

ஸ்க்ரான்டன்_மாறன்:

தெருமுனைக்காரரை விடுவிக்க நான் சொல்லவே இல்லை. இருவரையும் பிரித்துப் பார்க்க ஒரு கதவு வேண்டும் என்கிறேன். அந்தக் கதவு சட்டத்தில் இருந்தது, 925(சி) பிரிவு. அது பிறந்த கதை வேடிக்கையானது. 1960களில் வின்செஸ்டர் துப்பாக்கிகளைச் செய்த ஓலின் நிறுவனமே, மருந்து வணிகத்தில் கையூட்டு தொடர்பான வழக்கில் ஃபெலனியை ஒப்புக்கொண்டுவிட்டது. ஃபெலனி பெற்றவர் துப்பாக்கி அனுப்பக் கூடாது என்பதால் ஆலையை மூட வேண்டிய நிலை. உடனே 1965இல் நாடாளுமன்றம், தகுதியுள்ளவருக்குத் தடையை நீக்கும் வழி ஒன்றைத் திறந்தது. ஒரு நிறுவனத்துக்காகத் திறந்த கதவில் பிறகு தனி மனிதர்களும் நுழைந்தார்கள். 1992இல் நாடாளுமன்றம் பிரிவை நீக்காமலேயே, அந்த மனுக்களை விசாரிக்கப் பணம் ஒதுக்க மறுத்துவிட்டது. மனுவைப் பெறும் அலுவலகம் இருந்தது, பிரித்துப் படிக்கப் பணம் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே கிடந்து, 2025 மார்ச்சில்தான் நீதித்துறை அந்த அதிகாரத்தை அட்டர்னி ஜெனரலின் கீழ் மீட்டு எடுத்தது. குமரனின் மைத்துனர் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது இந்த வழியைத்தான். டெக்சஸில் ஆளுநரின் முழு மன்னிப்பு மற்றொரு வழி. வாக்குரிமை திரும்பிவிட்டதே என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஜூரியில் அமரும் உரிமை அங்கே திரும்புவதில்லை, எனவே குடியுரிமைகள் மீண்டதாகக் கணக்கில் வராது.

கேட்டி_குமரன்:

நகல் நேற்று வந்தது. தலைப்பில் ‘ஜட்ஜ்மென்ட் ஆஃப் கன்விக்‌ஷன்’ என்றே இருக்கிறது. ஒத்தி வைத்த தீர்ப்பு அல்ல. வழக்கறிஞர் ஒருவரிடமும் பேசிவிட்டேன். கோப்பு எழுத்தர் சொன்னதையே சொன்னார், கூடவே ஒரு பில்லும் கொடுத்தார்.

மைத்துனரிடம் இதை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் தயங்கினேன். தொலைபேசியில் நான் வாயைத் திறக்கும் முன் அவரே, ‘அத்தான், வீட்டில் துப்பாக்கி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கே என்று எனக்குச் சொல்லாதீர்கள்’ என்றார். 2013இலேயே ப்ரொபேஷன் அதிகாரி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்னாராம். மைத்துனர் அன்றிலிருந்து எந்த நண்பர் வீட்டுக்குத் தங்கப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்பாராம். என் மனைவி இது நாள்வரை அறிந்திருக்கவில்லை. அதைக் கேட்டபின் அவர் என்னோடு வாதாடவில்லை. இரும்புப் பெட்டியைப் பொருத்த ஆளை அவரே அழைத்தார். எண் எங்கள் இருவருக்கு மட்டும். கல்லாவுக்குக் கீழே இனி எதுவும் இராது.

இன்று காலை அவருக்காக விருந்தினர் அறையை ஒழுங்கு செய்தோம். அலமாரியின் மேல்தட்டில், நான் முன்பு பயிற்சி நிலையத்துக்கு எடுத்துப் போன பழைய துணிப்பை ஒன்று கிடந்தது. காலி என்று நினைத்துக் குப்பையில் போடப் போனவன், லாரெடோ அக்கா சொன்னது நினைவுக்கு வந்து உள்பக்கத்தை வெளியே திருப்பி உதறினேன். தையலுக்குள் சிக்கியிருந்த மூன்று 9 எம்எம் தோட்டாக்கள் தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டன. இரண்டு உடனே கிடைத்தன. மூன்றாவதைக் கட்டிலை நகர்த்தித்தான் எடுத்தேன்.